கால் கட்டை அவிழ்த்துப் பார்க்காமல் குதிரை வாங்காதீர்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1,80,000 ரூபாய் போச்சு.

உச்சிப்புளிப் பக்கம் இருக்கிறோம். மகன் தடை தாண்டும் போட்டிக்குப் பழகுகிறான். அவனுக்காகத்தான் கால்நடை விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் ஏழு வயது ஆண் குதிரையைப் பிடித்தேன். விற்றவர் வீடியோ காலில் வந்து, தானே குளம்பைத் தூக்கித் தட்டிக் காட்டினார். தன் பிள்ளையையே ஏற்றி ஒரு சுற்று விட்டார். "வாயில்லா ஜீவன் விஷயத்துல பொய் சொன்னா என் பிள்ளைக்கு ஆகாதுண்ணே." அங்கேதான் விழுந்தேன். முன்கால் இரண்டிலும் சிவப்புக் கட்டு. "லாரி ஆட்டத்துக்குத்தான், ஒரு வாரம் இருக்கட்டும்" என்றார். மடையன், தலையாட்டினேன்.

மூன்று நாள் துள்ளியது. நான்காம் நாள் அரியமான் கடற்கரை, ஈர மணலில் மெதுவோட்டம்தான். இடது முன்கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கியது. கட்டை அவிழ்த்தால் காலின் பின்புறம் வில் மாதிரிப் புடைப்பு, தொட்டால் சூடு.

டாக்டர் விரலால் நீவியதுமே சொல்லிவிட்டார், ஸ்கேனும் அதையே சொன்னது: தசைநாணில், அதாவது சதையை எலும்போடு கட்டிவைக்கிற நாரில், பழைய கிழிசல், அதன் மேலேயே புதிதாகப் பிய்ந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதை கிடையாது, எலும்பும் தசைநாணும்தான். கிழிந்த இடம் தழும்பாகத்தான் ஆறும், பழைய இழுவை வராது. ஒரு வருஷம் ஓய்வு கொடுத்தாலும் அதே இடத்தில் மறுபடி பிய்த்துக்கொள்ளலாம். தடை தாண்டி இறங்கும்போது மொத்த எடையும் ஒரு கணம் ஒற்றை முன்காலில் விழும். இந்தக் காலை நம்பி மகனை எப்படி ஏற்றுவது? அந்த மூன்று நாள் துள்ளல் வலி மருந்தாக இருக்கலாமாம். மதுரையில் நரி பரியாக நின்றது ஒரு பகல்தான், எனக்கு மூன்று நாள்!

போன் போட்டால், "உங்க ஊரு மணல் ஒத்துக்கலைண்ணே." அப்புறம், "லாடத்தை மாத்திப் பாருங்க." அப்புறம் வெறும் ப்ளூ டிக். ஆழமான காய்ந்த மணல் தசைநாணைக் கெடுக்கும், உண்மைதான். அதற்காக நாலே நாளில் கெட்டித் தழும்பு வந்துவிடுமா? தளத்துக்காரர்களோ, "நாங்க விளம்பரத்துக்கு இடம் மட்டும்தான் தர்றோம் சார்." 1,80,000! அதில் பாதி வீட்டுக்காரியின் நகை.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நேரில் போங்கள். கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். காலை ஒரு நிமிஷம் மடக்கிப் பிடித்து, விட்ட கையோடு கெட்டித் தரையில் ஓட்டிப் பாருங்கள். வலி மருந்துக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள், பணம் அப்புறம். சரி, அதன் காலுக்குப் பச்சைத் தண்ணீர் அடிக்கிற நேரம், போகிறேன்.