கணுக்கால் தாங்கி: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புற எலும்பின் கழுத்தைச் சுற்றிச் செல்லும் நரம்பு விபத்தில் நசுங்கியதால், என் வலது பாதம் மேலே தூக்க முடியாமல் தொங்கிப்போயிற்று. அதற்காக வாங்கிய பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன தாங்கியைப் பற்றியதே இம்மதிப்புரை.

தாங்கி இல்லாமல் நடந்த நாட்களில், பாதத்தை மேலே தூக்கும் முன்கால் தசை (முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத் தசை) செய்யாத வேலையை இடுப்பும் தொடையும் ஏற்றுக்கொண்டன. விரல் நுனி தரையில் உரசாதிருக்க, படியேறுபவரைப் போல முழங்காலை உயரத் தூக்கி வைத்தேன். குதிகால் முதலில் பதிய வேண்டிய நேரத்தில் பாதம் முழுவதும் 'பட்'டென்று தரையில் அறைந்தது. வலது செருப்பின் முனை மட்டும் தேய்ந்திருந்ததைக் கண்ட இயன்முறை மருத்துவர், நான் வாய் திறப்பதற்கு முன்பே சிக்கலைச் சொல்லிவிட்டார்.

தாங்கியை அணிந்த முதல் நாளே அந்த ஓசை நின்றது. ஒரு வாரத்தில் இடுப்பு வலியும் குறைந்தது. பாதத்தைச் செங்கோணத்தில் பிடித்து வைப்பதால், எதிர்த்து இழுக்கத் தசையின்றி இறுகிப்போகக்கூடிய கெண்டைக்கால் சதையும் நீண்ட நிலையிலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. மேல் பட்டையின் விளிம்பு, நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடும் அதே இடத்தில் அழுத்தியது. விற்ற கடையிலோ 'போகப் போகப் பழகிவிடும்' என்றார்கள். பழகக் கூடாத அழுத்தம் அது. வேறொரு பட்டறையில் சூடுகாட்டி விளிம்பை வெளிப்புறமாக வளைத்துக்கொண்டேன். வியர்வைக்குப் பருத்திக் காலுறை கட்டாயம். ஓர் அளவு பெரிய ஷூவும் வேண்டும்.

நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளர்வதால் மீட்சிக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தாங்கியையே நம்பித் தசையைச் சும்மா விடலாகாது என்பதால், மாலையில் அதைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் அமர்ந்து பாதத்தைத் தூக்க முயல்கிறேன். சென்ற வாரம் முன்கால் தசை தோலுக்கடியில் சற்றே துடித்தது.