ஐந்து நாள் டெஸ்க்டாப் மேனேஜ்மென்ட் பயிற்சி: நான்காம் நாளுக்காகப் போகலாம்

எங்கள் ஆபீஸில் ஆயிரத்துச் சொச்சம் கம்ப்யூட்டர்கள், அவற்றைக் கட்டி மேய்க்க நாங்கள் நான்கு பேர். கணக்குப் பிரிவில் ஓடும் ஒரு சாஃப்ட்வேருக்குப் பழைய ஜாவாதான் வேண்டும், அதே மெஷினில் ஓடும் இன்னொன்றுக்குப் புது ஜாவா இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. ஒன்றைச் சரி செய்தால் மற்றது படுத்துவிடும், உடனே அந்த சீட்டுக்கு ஓட வேண்டும். வருடக்கணக்காக இப்படியே ஓடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து மேனேஜருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், என்னையும் கூட வேலை பார்க்கும் ஒருவரையும் என்டர்பிரைஸ் டெஸ்க்டாப் மேனேஜ்மென்ட், அப்ளிகேஷன் விர்ச்சுவலைசேஷன் (ஒரு சாஃப்ட்வேரை மெஷினோடு கலக்காமல் தனிக் கூட்டுக்குள் ஓட்டுவது) என்று ஐந்து நாள் வகுப்புக்கு அனுப்பி வைத்தார். நடத்திய நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே பாடத்திட்டத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிப் பலரும் நடத்துகிறார்கள், அதனால் எங்கே போனாலும் இதில் பாதியாவது பொருந்தும்.

முதல் நாள் குரூப் பாலிசி, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங்குகளைப் போடும் விண்டோஸ் வசதி. ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. பாலிசிகள் பொருந்தும் லோக்கல், சைட், டொமைன், ஓயூ (டொமைனின் உட்பிரிவு) என்ற வரிசையைப் படம் போட்டு விளக்கினார்கள், அப்புறம் எந்தப் பாலிசி வந்திருக்கிறது என்று காட்டும் ஜிபி-ரிசல்ட் கமாண்டை ஓட்டிப் பார்த்தோம், அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம், எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேரின் பெயர் மாற்றப் புராணம்: 1994-ல் சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வராக (எஸ்எம்எஸ்) பிறந்தது, 2007-ல் எஸ்சிசிஎம் (சிஸ்டம் சென்டர் கான்ஃபிகரேஷன் மேனேஜர்) ஆனது, 2019-ல் எண்ட்பாயின்ட் மேனேஜர் என்ற குடைக்குள் போனது, இப்போது மறுபடியும் கான்ஃபிகரேஷன் மேனேஜர், பக்கத்தில் அதே வேலையை கிளவுடிலிருந்து செய்யும் இன்ட்யூன். உட்காரும்போது எரிச்சலாக இருந்தாலும் ஒரு விஷயம் பிடிபட்டது. கிளையன்ட் மெஷினில் சர்வீஸ் பட்டியலைத் திறந்தால் இன்றைக்கும் அது "எஸ்எம்எஸ் ஏஜென்ட் ஹோஸ்ட்" என்ற பெயரில்தான் உட்கார்ந்திருக்கிறது. லாக் ஃபைல்களிலும் அதே எஸ்எம்எஸ். பெயர்ப்பலகையைத்தான் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், வீட்டுக்குள் அதே பழைய ஆள்.

இரண்டாம் நாள் ஓஎஸ் டிப்ளாய்மென்ட் (மெஷின்களில் விண்டோஸை ஏற்றுவது), என் பெரிய ஏமாற்றம் இதுதான். லேப் முழுவதும் ஒரே விர்ச்சுவல் நெட்வொர்க்கில், எல்லா மெஷினும் ஒன்றுக்கொன்று பக்கத்தில். நெட்வொர்க் வழியாக, அதாவது பிஎக்ஸ்இ-யில் பூட் ஆகிறது, இன்ஸ்டால் வேலைகளை வரிசையாகச் செய்யும் டாஸ்க் சீக்வென்ஸ் ஓடுகிறது, நாற்பது நிமிடத்தில் புத்தம்புது விண்டோஸ் தயார், கைதட்டாத குறை. நிஜத்தில் எப்போது இப்படி நடந்திருக்கிறது? புது மாடல் லேப்டாப் வரும், பூட் இமேஜில் அதன் நெட்வொர்க் டிரைவர் இருக்காது, விண்பிஇ (இன்ஸ்டாலுக்கு முன் ஓடும் குட்டி விண்டோஸ்) திரை ஒரு தரம் தலையைக் காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். எஃப்8 அடித்து கமாண்ட் விண்டோவைத் திறந்து ஐபி கிடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் அதற்கும் பூட் இமேஜில் முன்கூட்டியே அந்த ஆப்ஷனைப் போட்டு வைத்திருக்க வேண்டும். இதைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரி கூட இல்லை. நான் கேட்டதற்குப் பயிற்சியாளர், "கடைசி நாள் பார்க்கலாம் சார்" என்றார். கடைசி நாளும் வந்தது, போனது.

மூன்றாம் நாள் அப்ளிகேஷன் டிப்ளாய்மென்ட், இது பரவாயில்லை. குறிப்பாக டிடெக்ஷன் மெத்தட். இன்ஸ்டால் சரியாக முடிந்திருக்கும், ஆனால் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன ஃபைல் பாதையில் ஓர் எழுத்து தப்பு, ரிப்போர்ட்டில் எல்லாம் சிவப்பாக இருக்கும். எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு தடவை அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம். இன்ஸ்டால் முடிவில் 3010 என்ற கோட் வந்தால் பயப்படாதே, ரீஸ்டார்ட் கேட்கிறது, அவ்வளவுதான். 1603 வந்தால் அது எதையும் சொல்லவில்லை, எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர்) லாகைத் திற என்றார் பயிற்சியாளர். முழு விவர லாகை எடுத்து, அதில் "ரிட்டர்ன் வேல்யூ 3" என்று தேடி, அங்கிருந்து கீழே போகாமல் மேலே பத்து இருபது வரி படித்துப் பார், உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும். இது பழைய வித்தைதான், எனக்குத் தெரியும், ஆனால் கூட வந்தவருக்குத் தெரியாது. அந்த ஒரு வித்தைக்காகவே அவர் நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் பயிற்சியாளர் மாறினார். ஸ்லைடே போடாமல், "உங்க ஆபீஸ்ல எந்த ரெண்டு சாஃப்ட்வேர் சண்டை போடுது?" என்று ஆரம்பித்தார். எங்கள் ஜாவா கதையைச் சொன்னேன். அன்று முழுக்க அதை வைத்தே ஓட்டினார்.

அப்ளிகேஷன் விர்ச்சுவலைசேஷன் என்றால் என்னவென்று இதற்கு முன் எனக்குப் புத்தக அறிவுதான். சாஃப்ட்ரிசிட்டி என்ற கம்பெனி செய்துகொண்டிருந்த சாஃப்ட்கிரிட்டை 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, ஆப்-வி என்று பெயர் வைத்தது, விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பிலிருந்து என்டர்பிரைஸ் எடிஷனுக்குள்ளேயே கிளையன்ட் வந்துவிட்டது, இந்த அளவுக்குத்தான். அவர் செய்து காட்டியது இது. சுத்தமான ஒரு விர்ச்சுவல் மெஷின், அதில் சீக்வென்ஸர். சீக்வென்ஸரை ஓடவிட்டுவிட்டு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால், அது எந்த ஃபைலை எங்கே வைக்கிறது, ரெஜிஸ்ட்ரியில் எதைத் தொடுகிறது என்று கூடவே இருந்து குறித்துக்கொள்கிறது. முடிந்ததும் ஒரே ஆப்-வி ஃபைல். அந்த ஃபைலின் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றி டபுள் கிளிக் செய்தார். உள்ளே ரூட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் விஎஃப்எஸ் (விர்ச்சுவல் ஃபைல் சிஸ்டம்) என்று ஒன்று, பேக்கேஜின் விவரம் சொல்லும் ஒரு மேனிஃபெஸ்ட், ரெஜிஸ்ட்ரிக்கென்று தனியாக ஒரு டாட் ஃபைல். இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. அதுவரை ஏதோ மாயப்பெட்டி என்று நினைத்திருந்தேன்.

அடுத்து நான் செய்தேன், சொதப்பினேன். சீக்வென்ஸ் தொடங்குவதற்கு முன்னால் டிஃபெண்டர், விண்டோஸ் அப்டேட், சர்ச் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சீக்வென்ஸர் மஞ்சள் முக்கோணம் போட்டு எச்சரித்தது. நாம் எந்தக் காலத்தில் இதையெல்லாம் படித்திருக்கிறோம், நெக்ஸ்ட் கொடுத்துவிட்டேன். பேக்கேஜ் முடிந்து பார்த்தால் எனக்குச் சம்பந்தமே இல்லாத அப்டேட் ஃபைல்கள் உள்ளே குடியேறியிருந்தன. அவர் திட்டவில்லை, அதை அப்படியே புரொஜெக்டரில் போட்டு, எது யாருடைய ஃபைல் என்று வகுப்பையே பிரிக்கச் சொன்னார். முன்பே சேமித்து வைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை இன்ஸ்டால் ஆனதும் சாஃப்ட்வேரை ஒருமுறை திறந்து, லைசென்ஸ் ஒப்பந்தத்தை ஏற்று, தானாக அப்டேட் ஆகும் வசதியை அணைத்துவிட்டு மூடச் சொன்னார். இல்லையென்றால் அந்த ஒப்பந்தத் திரை ஆயிரம் பேருக்கும் வரும், ஆயிரம் பேரும் நமக்குத்தான் போன் செய்வார்கள்.

அப்புறம் ஒரு காட்சி. சாதாரணமாக ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்தோம், பழைய ஜாவாவின் கீ எங்கேயும் இல்லை. அதே ரெஜிஸ்ட்ரி எடிட்டரை பவர்ஷெல் வழியாக அந்த பேக்கேஜின் பபிளுக்குள் (அதன் தனிக் கூட்டுக்குள்) திறந்தோம், கீ அங்கே கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ஒரே மெஷின், ஒரே யூசர், உள்ளே இருந்து பார்த்தால் ஓர் உலகம், வெளியே இருந்து பார்த்தால் வேறு உலகம். எங்கள் இரண்டு சாஃப்ட்வேரும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்ததைப் பார்த்துக் கூட வந்தவர் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டார்.

எது முடியாது என்பதையும் மறைக்கவில்லை. டிரைவர் போடுகிற சாஃப்ட்வேர், மெஷின் பூட் ஆகும்போதே எழ வேண்டிய சர்வீஸ், விண்டோஸின் பாகமாகவே இருப்பவை, இதெல்லாம் ஆப்-விக்குள் அடங்காது. பிடிஎஃப் பிரின்டர் போடும் ஒரு சாஃப்ட்வேரைக் கொண்டு போயிருந்தேன், அதுவும் பிரின்டர் டிரைவர் கதைதான், மரியாதையாக எம்எஸ்ஐ-யாகவே அனுப்பிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவு நன்றாக நடத்திய ஒரு நாளைப் பாடப்புத்தகம் எப்படிக் கைவிட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். லேப் மெஷின்கள் எல்லாம் விண்டோஸ் 10, அதாவது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்த ஓஎஸ். ஆப்-வி சர்வர் வருகிற எம்டிஓபி தொகுப்புக்கும் 2026 ஏப்ரல் 14 என்று மைக்ரோசாஃப்ட் தேதி குறித்திருக்கிறது. புத்தகத்தில் இந்தத் தேதிகள் எங்கேயும் இல்லை. 2018-ல் அறிவித்த புது பேக்கேஜ் வடிவமான எம்எஸ்ஐஎக்ஸுக்கு மொத்தமே இரண்டு ஸ்லைடு. பேக்கேஜுக்குக் கட்டாயம் கையொப்பச் சான்றிதழ் வேண்டும், அந்தச் சான்றிதழைக் கிளையன்ட் மெஷின் நம்ப வேண்டும் என்பதுதான் அதில் எல்லோரும் முதலில் இடறி விழும் இடம், அதைக்கூட நான்காம் நாள் பயிற்சியாளர் வாய்மொழியாகத்தான் சொன்னார். ஆப்-வி 5.1 பேக்கேஜை எம்எஸ்ஐஎக்ஸாக மாற்றும் டூல் இருப்பதையும் அவரேதான் காட்டினார். சுத்தமான மெஷின், ஸ்னாப்ஷாட், முதல் ஓட்டம் என்று அன்று பழகியதெல்லாம் அங்கேயும் அப்படியே வேண்டியிருக்கிறது, அதனால் நேரம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு நடத்துபவர்கள் இதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டாமா?

ஐந்தாம் நாள் இன்ட்யூன், பழைய பயிற்சியாளர் திரும்பி வந்தார். லேப் அக்கவுண்டில் ஒரு பாலிசியை அனுப்பிவிட்டு அது வந்து சேரும் வரை எல்லோரும் சிங்க் பட்டனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அதிலேயே மதியம் ஆகிவிட்டது. சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று மாலையே லேப் அனுமதியையும் மூடிவிட்டார்கள், வீட்டுக்குப் போய் ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்று நினைத்தவர்கள் எல்லோரும் ஏமாந்தோம். ஒரு வாரமாவது திறந்து வைத்திருக்கலாம்.

ஹெல்ப்டெஸ்கில் இருந்து அட்மின் வேலைக்கு வருகிறவராக இருந்தால் ஐந்து நாளும் உட்காரலாம், மூன்றாம் நாளும் நான்காம் நாளும் பல வருடத்துக்குக் கை கொடுக்கும். ஐந்தாறு வருடம் எஸ்சிசிஎம் பார்த்தவர் என்றால் முதல் இரண்டு நாளில் தூங்கிவிடுவீர்கள். இன்ட்யூனுக்காக மட்டும் என்றால் வேண்டாம். சேருவதற்கு முன் லேப் எந்த விண்டோஸ், எம்எஸ்ஐஎக்ஸுக்கு எத்தனை மணி நேரம், வகுப்பு முடிந்த பிறகு லேப் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் போனோம்.

ஃபீட்பேக் படிவத்தில், நான்காம் நாளை மட்டும் தனி வகுப்பாக நடத்துவீர்களா, எங்கள் டீமில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். பதில் வந்தது: அதே ஐந்து நாள் வகுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறதாம், உடனே பதிவு செய்யுங்கள் என்று.