கியூபா சுருட்டுக்கு மாற்று என்று 18,400 ரூபாயை விழுங்கிவிட்டான், யாரும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

18,400 ரூபாய். நேற்று ராத்திரி அந்த ஆள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். இனி அவன் வாயிலிருந்து ஒரு பதிலும் வராது என்று உறுதியானதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தூக்கம் வரவில்லை, கோபம் அடங்கவில்லை. புகையிலை உடம்புக்குக் கெடுதல் என்று சொல்ல வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தெரியும், மறுக்கவில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றியது இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு குப்பையை அனுப்பியவனைப் பற்றியது. கியூபா அல்லாத நல்ல சுருட்டை நியாயமான விலையில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்கும் வருகிறேன், ஆனால் முதலில் நடந்தது.

என் தாய்மாமா தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் இன்ஜினியராக வாழ்க்கை முழுக்க ஓடியவர். ஊர் ஊராகத் துறைமுகம் பார்த்தவர் என்பதால் நல்ல சுருட்டு எது என்று அவருக்கு மூக்கே சொல்லும். பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4 என்ற கியூபா சுருட்டு என்றால் உயிர். பணி ஓய்வு பெற்று வீடு திரும்புகிறார், பழைய கப்பல் சிநேகிதர்கள் நாலைந்து பேர் வருகிறார்கள், ஆளுக்கு ஒன்று என்று நல்ல சுருட்டு வாங்கி வைக்கலாம் என்பது என் ஆசை.

கியூபா சுருட்டு வாங்கும் நிலைமையில் இப்போது சாதாரண மனிதர் யாரும் இல்லை. 2022-ல் கொஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு கியூபா பிராண்டுகளுக்கும் உலகம் முழுக்க ஒரே மாதிரி விலை என்று சொல்லி ஹாங்காங் விலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பல நாடுகளில் ஒரே நாளில் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அதே வருஷம் செப்டம்பரில் இயான் புயல், கியூபாவின் நல்ல புகையிலை விளையும் பினார் தெல் ரியோ பக்கம் இலை உலர்த்தும் கொட்டகைகளைப் பெயர்த்துப் போட்டது. மற்ற பிராண்டுகளும் கிடைப்பது குறைந்தது, விலை ஏறியது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் நிக்கராகுவா, டொமினிகன், ஹோண்டுராஸ் சுருட்டுகள் பக்கம் போனார்கள். கிடைக்காததால் மட்டும் இல்லை, அங்கே செய்வது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. நானும் அதைத்தான் தேடினேன்.

தேடியபோது கண்ணில் பட்டது ஒரு சமூக ஊடகப் பக்கம். கடை கிடையாது, முகவரி கிடையாது, செயலியில் செய்தி அனுப்பினால் வீட்டுக்கே வரும் என்று சொல்லும் வகை. பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கேட்டதும் விலைப்பட்டியல் அனுப்பவில்லை அவன். "சார், கியூபன்ல என்ன பிடிக்கும் உங்களுக்கு? அதை வச்சுத்தான் நான் சொல்ல முடியும்" என்றான். மாமாவுக்குப் பிடித்ததைச் சொன்னேன். "அப்ப மிளகு வாசனை, மண் வாசனை பிடிக்கிற ஆளு. டொமினிகன்ல லேசானதைக் கொடுத்தா ஏமாந்துடுவாரு. எஸ்தெலிதான் சரி" என்றான். சரியான பேச்சு. நிக்கராகுவாவின் எஸ்தெலி புகையிலை அப்படித்தான், காரமும் கனமும் உள்ளது.

அப்புறம் வீடியோ அழைப்பில் வந்தான். பின்னால் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, ஈரப்பதம் காட்டும் மீட்டரில் 68 என்று இருந்தது. அரை மணி நேரம் பேசியிருப்பான். புரட்சிக்குப் பிறகு 1960-ல் கியூபா அரசு சுருட்டுத் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டது, அங்கிருந்து கிளம்பிய குடும்பங்கள் மற்ற நாடுகளில் அதே புகையிலை விதையைப் போட்டுத் தொழிலை மறுபடி எழுப்பியது, பத்ரோன் என்ற சுருட்டு நிறுவனம் 1964-ல் மயாமியில் சின்னதாகத் தொடங்கியது, 1962-ல் கியூபாப் பொருள்களுக்கான தடை உத்தரவில் கையெழுத்துப் போடும் முன் அமெரிக்க அதிபர் கென்னடி தன் செய்திச் செயலாளரிடம் சொல்லி 1,200 சுருட்டு வாங்கி வைத்துக்கொண்டதாக அந்தச் செயலாளரே பின்னாளில் சொன்ன கதை என்று வரிசையாக எடுத்துவிட்டான். மான்டெகிறிஸ்டோ, ரோமியோ ஹூலியேட்டா, பார்த்தகாஸ் என்ற அதே பெயர்களில் டொமினிகனில் செய்வதும் அமெரிக்காவில் விற்கிறது, பெயரைப் பார்த்துக் கியூபா என்று ஏமாறாதீர்கள் என்று எனக்கே எச்சரிக்கை சொன்னான்! அத்தனையும் உண்மைத் தகவல். சரிபார்த்தேன், ஒன்றில்கூடத் தப்பு இல்லை. பொய்யாக இருந்தது அவன் அனுப்பிய பொருள் மட்டும்தான்.

என் நம்பிக்கையை முழுசாக வாங்கிய இடம் ஒன்று உண்டு. பெட்டியாகவே எடுத்துக்கொள்ளட்டுமா என்று நான் கேட்டபோது, "வேண்டாம் சார், முதல் தடவை பெட்டி வாங்காதீங்க. மூணு வகையில அஞ்சஞ்சு எடுங்க. மாமாவுக்கு எது பிடிக்குதோ அதை அடுத்த தடவை பெட்டியா வாங்கிக்கலாம்" என்றான். அதிகம் விற்கப் பார்க்காமல் குறைத்து வாங்கச் சொல்லும் வியாபாரியை யார்தான் சந்தேகப்படுவார்கள்? பத்ரோன் 1964 ஆனிவர்சரி மதுரோ (கறுத்த மேலிலை வகை) ஐந்து, ஒலிவா சீரி வி ஐந்து, டொமினிகனிலிருந்து ஆர்த்துரோ ஃபுவென்தே ஐந்து. சராசரியாக ஒன்று 1,200 ரூபாய், கூரியருக்கு 400. மொத்தம் 18,400 ரூபாய். தள்ளுபடி என்று அள்ளிவிடவும் இல்லை, விலை நம்பும்படியே இருந்தது. முழுப் பணமும் முன்பே யுபிஐ-யில் அனுப்பினேன். "வந்துடுச்சு அண்ணா" என்றான். அதுவரை சார், பணம் விழுந்த நிமிஷத்திலிருந்து அண்ணா.

பார்சல் வந்தது. ஒழுங்கான மூடிய உறை, உள்ளே ஈரப்பத பாக்கெட், சுருட்டைச் சுற்றிய காகிதப் பட்டைகள் பளபளவென்று இருந்தன. சுருட்டுகளை வெளியே எடுக்காமல் அப்படியே கொண்டுபோய் மாமா கையில் கொடுத்தேன்.

மாமா ஒரு பத்ரோனை எடுத்துக் காதோரம் வைத்து லேசாக உருட்டினார். முகம் மாறியது. சுருட்டின் தலைப்பக்கத்தை வெட்டி வாயில் வைத்ததும் துகள் துகளாக நாக்கில் ஒட்டியது. துப்பிவிட்டு, "மருமகனே, இதுல முழு இலையே இல்லையே" என்றார். நல்ல கைச்சுருட்டில் உள்ளே நீளமான முழு இலைகள் தலை முதல் கால் வரை ஓடும். அதனால்தான் சாம்பல் உதிராமல் நீளமாக நிற்கும். இதில் நறுக்கிய தூள்தான் அடைத்திருந்தது. பற்றவைத்துப் பார்த்தார், ஒரு பக்கம் மட்டும் எரிந்து மறுபக்கம் கருகாமல் நின்றது, சாம்பல் சட்டையில் கொட்டியது. மதுரோவின் கறுப்பு நிறம் அவர் விரலில் சாயமாக ஒட்டிக்கொண்டது. இலையை அதிக நாள் புளிக்கவைத்து வரவேண்டிய நிறத்தை எதையோ பூசி வரவழைத்திருக்கிறார்கள்.

அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டைகளைப் பார்த்தார். பத்ரோன் 1964 வரிசையில் ஒவ்வொரு சுருட்டின் பட்டையிலும் தனி வரிசை எண் இருக்கும். போலிகளைத் தடுப்பதற்காகவே அந்த நிறுவனம் போடுவது அது. எனக்கு வந்த ஐந்திலும் ஒரே எண். ஐந்திலும்! ஜெராக்ஸ் மாதிரி அச்சடித்து ஒட்டியிருக்கிறான். (அந்த நிறுவனங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்கள் பெயரையும் சேர்த்துத்தான் திருடியிருக்கிறான்.) ஒலிவா என்று வந்ததில் ஒன்றில் குண்டூசி குத்திய மாதிரி ஓட்டை, தட்டினால் மாவு கொட்டியது. புகையிலை வண்டு. ஃபுவென்தே இரண்டில் கால் பக்கம் (பற்றவைக்கும் முனை) பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை.

வந்திருந்த சிநேகிதர்கள் முன்னால் மாமா ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்ல, காபி போடச் சொல்லு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனை நான் விடமாட்டேன்.

அன்றைக்கே படங்களோடு செய்தி அனுப்பினேன். முதல் பதில் உடனே வந்தது: "கூரியர்ல வெயில் பட்டிருக்கும் அண்ணா, ரெண்டு வாரம் டப்பாவுல வச்சு ரெஸ்ட் குடுங்க, சரியாயிடும்." தூள் எப்படி இரண்டு வாரத்தில் முழு இலையாகும் என்று கேட்டேன், பதில் இல்லை. பூஞ்சையைக் காட்டினால் "அது ப்ளூம், நல்லாப் பழுத்த சுருட்டுக்கு வர்றது, சந்தோஷப்படுங்க" என்றான். பச்சையாகப் பஞ்சு மாதிரி கிளம்புவது பூஞ்சை, வேறு ஒன்றும் இல்லை. வண்டு ஓட்டைக்கு "உங்க வீட்டு சூடு" என்றான். பார்சலைப் பிரித்தபோதே ஓட்டை இருந்தது! நல்ல தயாரிப்பாளர்கள் அனுப்பும் முன்பே சுருட்டை உறையவைத்து வண்டு முட்டையைக் கொன்றுவிடுவார்கள். வரிசை எண்ணைக் கேட்டபோது, "அது பேட்ச் நம்பர் அண்ணா, ஒரே பெட்டின்னா ஒரே நம்பர்தான்" என்று கூசாமல் சொன்னான். கடைசியாக என் மாமாவையே இழுத்தான்: "கியூபன் பழகின நாக்குக்கு நிக்கராகுவா அவ்ளோ சீக்கிரம் பிடிபடாது." வாழ்நாள் முழுக்கச் சுருட்டு பார்த்த மனிதரைப் பற்றி இவன் சொல்கிறான்.

18,400 ரூபாயைத் திருப்பிக் கொடு என்று நேராகக் கேட்ட பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. புகையிலைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். பில் கேட்டேன். "டூட்டி ஃப்ரீ சரக்குக்கு ஏது அண்ணா பில்?" அடுத்து அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் என்றான், அதற்கு மேல் எதுவும் பேச எனக்கு மனசு வரவில்லை, சில நாள் விட்டேன். பிறகு பாதிப் பணம் அனுப்புகிறேன் என்றான், கணக்கு எண் கேட்டான், கொடுத்தேன், வரவில்லை. அப்புறம் நீல டிக் மட்டும். நேற்று அதுவும் நின்றுவிட்டது.

உடனே என் நண்பன் எண்ணிலிருந்து புது வாடிக்கையாளர் மாதிரி ஒரு வணக்கம் அனுப்பிப் பார்த்தோம். அரை நிமிஷத்தில் பதில்: "சார், கியூபன்ல என்ன பிடிக்கும் உங்களுக்கு?" அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறவன்! எனக்குச் சொன்ன அதே வரிகள், அதே வரிசை, பெட்டி வாங்காதீங்க என்பது உட்பட. மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். எத்தனை பேரிடம் இதே 18,400 ரூபாய், 20,000 ரூபாய் என்று வாங்கியிருப்பான் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

வங்கியில் கேட்டால் நீங்களாக அனுப்பிய பணம், நாங்கள் இழுத்து எடுக்க முடியாது என்கிறார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் பதிந்து எண் வாங்கிவிட்டேன், நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை. அவசரத்துக்குச் சில மட்டும். இந்தியாவுக்குச் சட்டப்படி இறக்குமதியான பெட்டியில் 85 சதவீதம் மறைக்கும் எச்சரிக்கைப் படம் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கு, பில் இல்லாத சரக்கு இரண்டையும் தொடாதீர்கள், நாளைக்குப் புகார் கொடுக்கக்கூடக் கையில் ஒன்றும் இருக்காது. கையில் எடுத்து அழுத்திப் பார்க்க விடும் கடையில் ஒன்றே ஒன்று வாங்குங்கள், கால் பக்கத்தைப் பாருங்கள், மடித்த இலை தெரிகிறதா தூள் தெரிகிறதா என்று. பெயர் பெற்ற விலை உயர்ந்த வரிசைதான் போலியாக வரும். ஒலிவா சீரி ஜி, பத்ரோனின் சாதாரண 2000, 3000 வரிசை, பெர்தோமோ மாதிரி எளிமையானவை விலையிலும் குறைவு, சுவையிலும் குறை இல்லை. கண்ணாடி மூடி போட்ட கொஹிபா பெட்டியை ஒருவன் படமாகப் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை விட்டே வெளியே வந்துவிடுங்கள், கொஹிபா அப்படி ஒரு பெட்டியில் வருவதே கிடையாது. இவன் பக்கத்திலும் அது இருந்தது, கீழே பழைய பதிவுகளில் புதைந்து கிடந்தது. ஒன்றும் சரியாக அமையவில்லை என்றால் உறையூர்ச் சுருட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இன்ன ஊர் சரக்கு என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

முழுப் பணத்தையும் முன்னாலேயே யாருக்கும் அனுப்பாதீர்கள். வீடியோவில் காட்டுகிற பெட்டி வேறு, பார்சலில் வருகிற பொருள் வேறு.

அந்தப் பக்கம் இன்று காலையும் விளம்பரம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இதே மாதிரி சார் அண்ணாவாகி, பணம் கட்டி, பார்சலுக்குக் காத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஒரே யுபிஐ எண்ணா என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்ந்தே புகார் கொடுப்போம். பார்சல் வரட்டும் என்று இருக்காமல் இன்றைக்கே 1930-க்குக் கூப்பிடுங்கள், அந்தக் கணக்கில் பணம் இருக்கும்போதே சொன்னால்தான் முடக்க முடியும்.