தடுப்பதா, பொறுக்கிக் கொடுப்பதா? சிறு பிள்ளைகளிடமிருந்து வன்முறைப் படங்களையும் கேம்களையும் விலக்கி வைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

பத்து வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீட்டில், அதன் கண்ணில் படக்கூடாத காட்சிகளை விலக்கி வைக்க இன்று பல ஏற்பாடுகள் இருக்கின்றன. தியேட்டரில் தணிக்கைச் சான்றிதழ், ஓடிடியில் பின் எண் பூட்டு, யூடியூப் கிட்ஸ், ஃபேமிலி லிங்க், கேம்களுக்கு வயது முத்திரை. பெயர்கள் பல என்றாலும் வேலை செய்யும் விதம் இரண்டுதான். ஒன்று, ஆகாததைத் தேடித் தடுப்பது. இன்னொன்று, நல்லதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடி வைப்பது. எட்டு வயது வரை இரண்டாவதை மட்டும் நம்புங்கள் என்பதே எங்கள் முடிவு. எட்டுக்கு மேல் முதலாவதும் கைகொடுக்கும், ஆனால் கூட ஒரு பெரியவர் இருந்தால்தான்.

எட்டு என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தையைப் பயமுறுத்துவது கதை இல்லை, தோற்றம். முகம் கோரமாக மாறுவது, திடீரென எழும் சத்தம், ரத்தம். வில்லன் கடைசியில் திருந்திவிட்டான் என்பது அந்த வயதில் மனதில் ஏறாது, அவன் முகம் மட்டும் தங்கிவிடும். "அது சும்மா, மேக்கப்தான்" என்று விளக்கினாலும் பெரிய பலன் இருக்காது. அணைத்துக்கொள்வது, திரையை நிறுத்துவது, தண்ணீர் கொடுப்பது, வேறு வேலையில் இறக்குவது ஆகியவைதான் பயத்தை இறக்கும். ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறுகிறது. அப்போது விளக்கம் எடுபடும். அந்த வயதில் தோற்றத்தைவிட, நிஜத்தில் நடக்கக்கூடியவைதான் அதிகம் உறுத்தும்: கடத்தல், விபத்து, பெற்றோர் இறப்பது.

தூக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வாளர்கள் 2011-12இல் வெளியிட்ட ஆய்வுகள், வன்முறைக் காட்சிகளையும் மாலைக்கு மேல் திரை பார்ப்பதையும் தூக்கக் கோளாறோடு இணைத்தன. பார்க்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லாமல், பார்ப்பதை மட்டும் வயதுக்கு ஏற்றதாக மாற்றிய வீடுகளிலேயே தூக்கம் மேம்பட்டது. "எவ்வளவு நேரம்" என்ற சண்டைக்கு முன்னால் "எது" என்ற கேள்வியை முடிப்பது நல்லது. அதே சமயம் பயத்தை ஊதிப் பெருக்கவும் வேண்டாம். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் எடுத்த தீர்மானத்தின்படி, வன்முறை கேம்களுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு உண்டு. கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற குற்றங்களுக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.

தியேட்டர் சான்றிதழ்: இங்கே ஒரு மாதிரி, சிங்கப்பூரில் ஒரு மாதிரி

இந்தியாவில் 2023இல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டபின் பழைய யுஏ மூன்றாகப் பிரிந்தது: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. பிரித்தது நல்லது. ஆனால் பெரும்பாலான பெற்றோர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த மூன்றுமே அறிவுரைதான், தடை கிடையாது. யுஏ 16+ படத்துக்கு நான்கு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாலும் தியேட்டர்காரர் நிறுத்தக் கடமைப்பட்டவர் இல்லை. சட்டப்படி வாசலில் நிறுத்த வேண்டியது ஏ சான்றிதழ் படத்துக்கு மட்டும், 18 வயதுக்குக் கீழே இருந்தால்.

சிங்கப்பூரின் என்சி16 அப்படியில்லை. அப்பா அம்மா கூட இருந்தாலும் 16க்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள். பிரிட்டனின் 15ம் அதே கண்டிப்பு. அங்கே வயது எண் போட்ட சான்றிதழ்களில் பெற்றோர் விருப்பத்துக்கு விடப்படுவது 12ஏ மட்டுமே. அங்கிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள், "இங்கே விடுகிறார்கள் என்றால் பார்க்கலாம் போல" என்று எடுத்துக்கொள்வதுண்டு. அது தவறு. இங்கே வாசலில் நிற்க வேண்டிய காவல் பெற்றோர்தான்.

முன்னணி நடிகரின் படம் என்றாலே குடும்பப் படம் என்ற பழக்கத்தையும் விட வேண்டும். 2025இல் ரஜினிகாந்த் நடித்த 'கூலி'க்கே ஏ சான்றிதழ்தான் கிடைத்தது. டிக்கெட் போடும் பக்கத்தில் படத்தின் பெயருக்கு அருகிலேயே சான்றிதழ் இருக்கும், பணம் கட்டும் முன் பாருங்கள். யுஏ 7+ படத்துக்கே ஐந்து வயதுப் பிள்ளையோடு போவதென்றால் ஓர இருக்கை எடுங்கள். தியேட்டரில் சத்தத்தைக் குறைக்கவோ காட்சியை ஓட்டிவிடவோ முடியாது, எழுந்து வெளியே போவது ஒன்றே வழி. பிள்ளை காதைப் பொத்தினாலோ மடியில் முகம் புதைத்தாலோ "இன்னும் கொஞ்ச நேரம்" என்று இருத்தி வைக்காதீர்கள்.

ஓடிடி: நெட்ஃபிளிக்ஸ், பிரைம்

ஓடிடியில் வயதுப் பிரிவைப் போடுவது தணிக்கை வாரியம் இல்லை, அந்தந்த நிறுவனமே. 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யு முதல் ஏ வரை அதே ஐந்து படிகள். யு/ஏ 13+க்கும் அதற்கு மேலுள்ளவற்றுக்கும் பூட்டு வசதி தர வேண்டும், ஏ பிரிவுக்கு வயதைச் சரிபார்க்க ஏற்பாடு வேண்டும். தொடங்கும்போது மூலையில் "வன்முறை, கெட்ட வார்த்தை" என்று சின்ன எழுத்தில் வரும் குறிப்பு, வயது எண்ணைவிடப் பயனுள்ளது. 13+ என்பது வெறும் வசவுக்காகவும் இருக்கலாம், தற்கொலைக் காட்சிக்காகவும் இருக்கலாம்.

பூட்டில் நெட்ஃபிளிக்ஸ் ஒரு படி மேலே. பிள்ளைக்குத் தனியாகக் கிட்ஸ் ப்ரொஃபைல், அதற்கு வயது வரம்பு, அதற்கும் மேலே குறிப்பிட்ட படத்தைப் பெயர் சொல்லி மறைக்கும் வசதி எல்லாம் உண்டு. இத்தனை செய்தும் பல வீடுகளில் பூட்டு தோற்பது ஒரே இடத்தில்: அப்பாவின் ப்ரொஃபைலில் பூட்டே இருக்காது. பிள்ளை முதல் திரையில் அப்பா படத்தைத் தொட்டால் போதும், வேலை முடிந்தது. ஆகவே பூட்ட வேண்டியது பிள்ளையின் ப்ரொஃபைலை இல்லை, பெரியவர்களுடையதை. உலாவியில் கணக்குப் பக்கத்தைத் திறந்து, பெரியவர் ஒவ்வொருவரின் ப்ரொஃபைலுக்கும் நான்கு இலக்க பின் வையுங்கள். புதிய ப்ரொஃபைல் சேர்க்கவும் பின் கேட்கும்படி அங்கேயே வைக்கலாம், இல்லையென்றால் பிள்ளை புதிதாக ஒன்று தொடங்கி உள்ளே போய்விடும். கூடவே, முன்னோட்டம் தானாக ஓடுவதையும் நிறுத்துங்கள். திகில் படத்தின் பதினைந்து வினாடி முன்னோட்டம் போதும், அன்றைய தூக்கம் போக.

பிரைமில் சிக்கல் வேறு விதம். இணையதளத்தில் வைத்த கட்டுப்பாடு எல்லாச் சாதனத்துக்கும் தானாகப் போய்ச் சேராது. ஃபயர் டிவி இருந்தால் அதன் அமைப்பில் தனியாக வைக்க வேண்டும். போனில் பூட்டிவிட்டு டிவியிலும் பூட்டியாயிற்று என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமாக நடப்பது. வைத்தபின் ஒவ்வொரு சாதனத்திலும் ஒரு 16+ படத்தை ஓட்டிப் பாருங்கள், பின் கேட்டால் சரி.

யூடியூபும் யூடியூப் கிட்ஸும்

சாதாரண யூடியூபில் இருக்கும் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' குழந்தைக்கான பூட்டே இல்லை. அந்தந்தச் சாதனத்துக்கு மட்டும் பொருந்தும், ஒரு தொடுதலில் கழன்றுவிடும்.

யூடியூப் கிட்ஸில் வயதுக்கு மூன்று பிரிவுகள்: நான்கு வயது வரை, ஐந்து முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு. மூன்றையும் பொறுக்குவது பெரும்பாலும் இயந்திர வடிகட்டிதான், அது எப்படி ஓட்டையாகும் என்பதை 2017இல் உலகமே பார்த்தது. ஸ்பைடர்மேன், எல்சா போன்ற கார்ட்டூன் முகங்களை வைத்து ஊசி குத்துவதும் அடிப்பதும் வெட்டுவதுமாக எடுத்த வீடியோக்கள் குழந்தைகள் செயலிக்குள்ளும் நுழைந்தன. அந்த நவம்பரில் யூடியூப் பல சேனல்களை நீக்கியது. வடிகட்டி பின்னர் மேம்பட்டது உண்மை. ஆனாலும் படத்தின் முகத்தையும் தலைப்பையும் வைத்து ஏமாற்றுகிறவர் இருக்கும்வரை வடிகட்டியில் ஏதோ ஒன்று தப்பும்.

அதனால் எட்டு வயது வரை நாங்கள் பரிந்துரைப்பது நான்காவது வழி: 'அனுமதித்தவை மட்டும்'. நீங்கள் தேர்ந்தெடுத்த சேனலும் வீடியோவும் மட்டுமே வரும், தேடும் வசதி தானாகவே மூடிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு சேனல் போதும். சேனல் முழுவதையும் அனுமதிப்பதைவிட வீடியோக்களாகப் பொறுக்குவது பாதுகாப்பு, நேரம் கொஞ்சம் கூடுதலாகும். இன்னொன்று, பெற்றோர் பகுதிக்குள் நுழைய இந்தச் செயலி முதலில் வைத்திருப்பது ஒரு பெருக்கல் கணக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாடு சொல்லியே திறந்துவிடும். சொந்தமாக நான்கு இலக்கக் குறியீடு வைத்துக்கொள்ளுங்கள்.

போனும் கேம்களும்

பிள்ளைக்கென்று தனி ஆண்ட்ராய்டு போனோ டேபோ இருந்தால் ஃபேமிலி லிங்க் நல்ல கருவி. எந்தச் செயலி இறங்கினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும், நேர வரம்பு வைக்கலாம், இரவில் பூட்டலாம். இரண்டு ஓட்டைகளை மட்டும் அடைக்க வேண்டும். ஏற்கெனவே அந்தக் கணக்கில் ஒருமுறை இறக்கிய செயலியை மீண்டும் இறக்க அனுமதி கேட்காது. ஆகவே பழைய கணக்கைத் தொடராமல் பிள்ளைக்குப் புதுக் கணக்கு தொடங்குவது மேல். மற்றொன்று ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு. பிளே ஸ்டோரில் கிடைக்காத கேம் நண்பன் வழியாக வாட்ஸப்பில் வந்து சேரும். வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை மூடினால் அந்த வழி அடையும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. பிள்ளை பிடித்திருப்பது அம்மாவின் போன். அதில் ஃபேமிலி லிங்க் உதவாது. பிளே ஸ்டோரின் பெற்றோர் கட்டுப்பாடும் புதிதாக இறக்குவதைத்தான் வடிகட்டும், ஏற்கெனவே உள்ள செயலிகளைத் தொடாது. பகிர்ந்த போனுக்கு உண்மையில் பயன்படுவது, ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ். ஒரு செயலியைத் திறந்து அதிலேயே பூட்டிக் கையில் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டில் வெளியே வரப் பின் கேட்கும்படி அமைத்துவிட்டால், அது தெரியாமல் வெளியே வர முடியாது, வாட்ஸப்பில் வந்து விழும் விபத்து வீடியோக்களும் கண்ணில் படாது.

கேமின் வயது முத்திரையை எடுத்துக்கொண்டால், பிளே ஸ்டோரில் தெரியும் 3+, 7+, 12+, 16+, 18+ எல்லாம், கேம் செய்த நிறுவனம் நிரப்பிய கேள்வித்தாளை வைத்து ஐஏஆர்சி என்ற சர்வதேச வயது மதிப்பீட்டு முறையில் வருபவை. கேம்களுக்கு வயது முத்திரை தரும் அமைப்புகளில் அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி 1994இலும் ஐரோப்பாவின் பெகி 2003இலும் வந்தன. இரண்டும் ஒரே கேமை வேறு வேறாக அளப்பதுண்டு. பப்ஜிக்கு அமெரிக்காவில் பதின்மூன்று வயதுப் பிரிவான டி, ஐரோப்பாவில் 16. சந்தேகமாக இருந்தால் இரண்டில் கண்டிப்பானதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிஏ 5 போன்றவற்றுக்கு அந்தக் குழப்பமே இல்லை: ஐரோப்பாவில் 18, அமெரிக்காவில் 17+ என்ற எம். ஆறாம் வகுப்புப் பையன் விளையாடுகிறான் என்பதால் அது சிறுவர் கேம் ஆகிவிடாது.

முத்திரை அளக்காதது ஒன்று உண்டு: ஆன்லைனில் எதிராளி வாயிலிருந்து வருவது. பெரும்பாலான புகார்களும் அங்கேதான். முன்பின் தெரியாத அண்ணன்மார் மைக்கில் பேசும் வசவு எந்த முத்திரையிலும் சேராது. கேம் பக்கத்தில் 'பயனர்கள் உரையாடுவர்' என்ற குறிப்பு இருந்தால், உள்ளே போய் முதலில் குரல் அரட்டையை மூடுங்கள், பிறகு எழுத்து அரட்டையை. ரோப்லாக்ஸில் இருக்கும் லட்சக்கணக்கான கேம்கள் பயனர்கள் செய்தவை, ஒவ்வொன்றுக்கும் தனி முதிர்ச்சிக் குறி இருக்கும். "ரோப்லாக்ஸ் விளையாடலாமா" என்பதைவிட "ரோப்லாக்ஸில் எந்த கேம்" என்று கேட்பதே சரி.

கூட உட்கார்ந்து பார்ப்பது

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பெரியவர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து வன்முறையை ரசித்தால், பிள்ளை அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறது. வாயைத் திறந்து சொன்னால்தான் பலன்: "இப்படி அடிச்சா நிஜத்துல எவ்வளவு வலிக்கும்", "இவன் வேற என்ன செஞ்சிருக்கலாம்". எட்டுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இது எந்தப் பூட்டையும்விட நெடுநாள் உழைக்கும். அந்த வயதில் பிள்ளை புது கேம் கேட்டால் உடனே வேண்டாம் என்று சொல்லாமல், யாராவது விளையாடிப் பதிவிட்ட வீடியோவை முதலில் நீங்கள் மட்டும் பதினைந்து நிமிடம் பாருங்கள். தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து பாருங்கள், கடுமையானவை பெரும்பாலும் அங்கேதான் வரும். ரத்தத்தின் நிறத்தை மாற்றவோ மறைக்கவோ அமைப்பில் வழி இருக்கிறதா, அரட்டையை மூட முடிகிறதா, காசு கேட்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, பிள்ளையோடு முதல் ஆட்டத்தை டிவி இருக்கும் கூடத்தில் ஆடுங்கள்.