ஃபோம் போர்டா, ஃபைபர் போர்டா? சர்ஃபிங் புதியவர் கரையிலேயே எடுக்க வேண்டிய முடிவுகள்

சர்ஃபிங் கற்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி சுறாவைப் பற்றித்தான். இரண்டாவது, நீச்சல் தெரியுமா என்பது. இரண்டாவது கேள்வி நியாயமானது. தெரியாது என்றால் இதை அப்படியே மூடிவிட்டு முதலில் நீச்சல் குளத்துக்குப் போங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் கேள்வியைத்தான் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 2002இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில் 1,348 சர்ஃபர்களிடம் கேட்டு, அவர்களுக்கு ஏற்பட்ட திடீர் காயங்களை வகை பிரித்திருந்தார்கள். அதில் 55 சதவீதம் அவரவர் சொந்தப் பலகையே பட்டு வந்தவை. அடுத்தவர் பலகை பட்டது 12 சதவீதம், கடலடித் தரையில் மோதியது 17 சதவீதம். ஆக, பயப்பட வேண்டிய மிருகத்தை நாமே கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் கடலுக்குள் போகிறோம்.

என் தாடையில் இதற்குச் சாட்சியாக ஒரு கோடு இருக்கிறது. "இதுலயே பழகிடு, அப்புறம் மாத்த வேண்டியதில்லை" என்று நண்பன் கொடுத்த ஆறடிச் சொச்ச ஃபைபர் பலகை அது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அலை வருவதைப் பார்த்ததும் பலகையைக் குறுக்கே, எனக்கும் அலைக்கும் நடுவில், கதவைச் சாத்துகிற மாதிரி பிடித்துக்கொண்டேன். அலை அந்தக் கதவை உதைத்துத் திறந்தது. தாடையில் நான்கு தையல். அந்த அலை என் முழங்கால் உயரம்கூட இருந்திருக்காது.

பலகை

ஃபைபர் பலகை என்று நாம் பொதுவாகச் சொல்வது, உள்ளே நுரைக் கட்டை, அதன்மேல் கண்ணாடியிழைத் துணி போர்த்தி ரெசின் ஊற்றி இறுக வைத்தது. மூக்கு கூராக இருக்கும், அடியில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்களின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் மொட்டைக் கத்தி மாதிரி இருக்கும். ஃபோம் போர்டிலும் உள்ளே நுரைதான், ஆனால் மேலேயும் மெத்தென்ற நுரைதான். மூக்கு உருண்டை, ஃபின் பெரும்பாலும் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக். இடித்தால் வலிக்கும், ஆனால் பெரும்பாலும் கிழிக்காது.

எல்லோரும் சொல்லும் இந்த வித்தியாசத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கற்றுக்கொள்பவருக்குத் தரும் ஃபோம் போர்டு எட்டு அல்லது ஒன்பது அடி இருக்கும், சின்ன ஃபைபர் பலகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மிதக்கும். அதனால் என்ன? மிதப்பு அதிகம் என்றால் சோம்பேறி அலைகூடத் தூக்கிக்கொண்டு போகும், நீங்கள் கால் ஊன்றி நிற்கக்கூடிய ஆழத்திலேயே நாள் முழுக்கப் பழகலாம். சின்னப் பலகையோ செங்குத்தான, வலுவான அலையைத்தான் கேட்கும், அந்த அலை உள்ளே தள்ளி இருக்கும், அங்கே ஆழமும் ஆட்களும் அதிகம். பலகையை எடுக்கும்போதே எந்தக் கடலுக்குள் போகப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்தே எடுத்துவிடுகிறீர்கள்.

ஃபோமுக்கும் குறை உண்டு, இல்லாமல் இல்லை. பெரிசு, காற்றடிக்கும் நாளில் மணலில் தூக்கிக்கொண்டு நடந்தாலே பாய்மரம் மாதிரி நம்மைச் சுற்றிவிடும். பெரிய அலை வந்தால் அதை அமுக்கி அலைக்கு அடியில் போக முடியாது; பலகையோடு தலைகீழாக உருண்டு, அடியில் தொங்கிக்கொண்டு அலையைக் கடக்கவிட வேண்டும். மெத்தென்று இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது: பின்னால் அலை தள்ளும் எட்டடிப் பொருள் எட்டடிப் பொருள்தான். தண்ணீரில் நடக்கும்போது அதைப் பக்கவாட்டில், மூக்கு அலையைப் பார்த்தபடி பிடியுங்கள். குறுக்கே பிடித்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

என் தீர்ப்பில் இது போட்டியே இல்லை, ஃபோம்தான். எத்தனை நாளில் ஃபைபருக்கு மாறலாம் என்றால், அதை நாள் கணக்கில் பார்க்காதீர்கள். எதிரே ஒருவர் வந்தால் திருப்பவோ நிறுத்தவோ முடிகிறதா, அதைப் பாருங்கள். முடியாதவரை அடுத்தவருக்காகவாவது ஃபோமில் இருங்கள்.

லீஷ், அதாவது காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு, கட்டுவதா வேண்டாமா என்று ஒரு விவாதம் ஓடிக்கொண்டே இருக்கும். லாங்போர்டில், அதாவது நீளப் பலகையில், பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சிலர் கட்டுவதில்லை. நீங்கள் அவர்களில்லை. கட்டாமல் விழுந்தால் பலகை கரை நோக்கிப் பாயும், அங்கே குழந்தைகள் இருப்பார்கள். ஆனால் லீஷ் இழுபடும், இழுபட்டது திரும்பி வரும். 1970களின் தொடக்கத்தில் வந்த முதல் லீஷ்கள் மருத்துவமனை ரப்பர் குழாயில் செய்தவை, கவண் மாதிரி பலகையைத் திருப்பி அடித்தன. வெட்சூட்டுக்கு, அதாவது கடலில் குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடைக்கு, பெயர்போன ஜாக் ஓ'நீல் இடது கண்ணை இழந்ததே அப்படியொரு லீஷ் விபத்தில்தான். இப்போதைய யூரித்தேன் கயிறு அவ்வளவு நீளாது. இருந்தாலும் விழுந்து மேலே வரும்போது முதலில் வர வேண்டியது கைகள், முகத்தையும் தலையையும் மூடியபடி. இன்னொன்று, லீஷ் அறுந்தும் போகும். அறுந்தால் நீந்திக் கரை சேர முடியாத இடத்துக்கு, அது காலில் இருக்கிறது என்ற தைரியத்தில் போகாதீர்கள்.

யாரிடம் கற்பது

பயிற்சியாளர், சர்ஃப் செய்யத் தெரிந்த நண்பர், வீடியோ. மூன்றில் வீடியோ, வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து எழுந்து நிற்கப் பழகுவதற்கு அருமையானது, அதற்கு மேல் அதனால் ஒன்றும் ஆகாது. நீங்கள் முங்கும்போது அது உங்களைப் பார்க்காது.

நண்பர் விஷயம் கொஞ்சம் சிக்கல். அவருக்கு உங்கள்மேல் அக்கறை இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் நல்ல அலை வந்தால் அவர் கண் கடல் பக்கம் போய்விடும், நீங்கள் கரைப் பக்கம் தத்தளித்துக்கொண்டிருப்பீர்கள். அவர் இருக்கும் இடத்துக்கு உங்களைக் கூட்டிப் போவாரே தவிர, உங்களுக்கான இடத்துக்கு அவர் வரமாட்டார், அங்கே அவருக்கு அலுப்படிக்கும். பயிற்சியாளருக்குக் காசு கொடுப்பதே, அவர் கடலைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்காகத்தான்.

அதற்காகப் பயிற்சியாளர் என்று பனியன் போட்டவர்களெல்லாம் பயிற்சியாளர் என்று நினைக்க வேண்டாம். ஒருவரே கூட்டமாகப் பத்துப் பதினைந்து பேரை இறக்கினால், அவர்கள் பலகைகள் ஒன்றோடொன்று மோதுவதைத் தடுக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். நான் ஆளை எடை போட ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "இன்னைக்கு இழுப்பு எங்கே இருக்கு?" (இழுப்பு என்பது கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம்.) கையை நீட்டி, அதோ அந்த இடத்தில், அலை உடையாமல் இருக்கிறதே அங்கே, என்று காட்டினால் அவரோடு போகலாம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வாங்க பாத்துக்கலாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். அப்படிச் சொன்ன ஒருவரை நம்பி ஒரு மணி நேரம் போனேன், அதில் பாதி நேரம் அவரை நான்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

நல்ல பயிற்சியாளர்கள்கூடப் பல சமயம் சொல்ல மறக்கும் ஒன்று உண்டு. 2004இல் ஹவாயில் மருத்துவர்கள் ஒன்பது பேரின் நிலையைப் பதிவு செய்தார்கள். எல்லோரும் சர்ஃபிங்குக்குப் புதியவர்கள், யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் முதுகுவலி வந்து கொஞ்ச நேரத்தில் கால்கள் பலமிழந்தன. பலகையில் நெடுநேரம் குப்புறப் படுத்து முதுகை வில்லாக வளைத்து வைத்திருப்பதில், தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு இது வருவதாகக் கருதுகிறார்கள். மிக அரிது, ஆனாலும் பழகாத முதுகுகளைத்தான் பெரும்பாலும் தேடி வருகிறது. அலைக்குக் காத்திருக்கும்போது படுத்தே கிடக்காமல் எழுந்து உட்காருங்கள். முதுகில் சுரீரென்று வலி வந்தால் அத்தோடு கரையேறுங்கள், கால் மரத்தால் நேராக மருத்துவமனை.

எந்தக் கடல்

பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டின் மேல் உடையும் அலைக்கும் மணல்மேல் உடையும் அலைக்கும் நடுவில் தேர்வு வந்தால், பார்வைக்குப் பார்தான் ஜெயிக்கும். பாறை நகராது என்பதால் அலை அதே இடத்தில், அதே வடிவத்தில் உடைந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் உள்ளே போக ஆழமான வழியும் இருக்கும். மணல் கடற்கரையில் மேடு இடம் மாறும், இன்றைக்கு இங்கே உடைந்த அலை அடுத்த வாரம் அங்கே உடையும். ஆனால் புதியவர் நிற்பதைவிட விழுவதுதான் அதிகம். எதன்மேல் விழுகிறோம் என்பதைத்தானே பார்க்க வேண்டும்? பவளத்தில் உரசிய சிராய்ப்பு லேசில் ஆறாது, சீழ் வைக்கும். மணல்தான், கேள்வியே இல்லை. மணலிலும் தலைகுப்புறப் பாய்ந்தால் கழுத்து போகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்; தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று தெரியாதபோது தட்டையாக, கைகால்களை விரித்து, முதுகோ பக்கவாட்டோ முதலில் படுகிற மாதிரி விழ வேண்டும்.

மணலிலும் எல்லாம் ஒன்றல்ல. பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள், காதையும் திறந்து வைத்துக்கொண்டு. உச்சியிலிருந்து வெள்ளை நுரை மெதுவாக வழிந்து, சலசலவென்று நீண்ட தூரம் உருண்டு வந்தால் கீழே தரை மெல்லச் சரிகிறது, அங்கே பழகலாம். அலை நிமிர்ந்து நின்று, உள்ளே குடைந்து, கரையிலேயே தொம்மென்று மொத்தமாகக் கொட்டினால் அங்கே சரிவு அதிகம், தண்ணீர் குறைவு. அது எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

அலையின் உயரமும் ஏமாற்றும். இரண்டு மீட்டர் அலையில் ஒரு மீட்டர் அலையைப் போல இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு சக்தி. ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. இடுப்புக்கு மேல் இருந்தால் ஆரம்பத்தில் இறங்காதீர்கள். காற்று விஷயத்தில் தேர்ந்தவர்கள் சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்வேன்: அவர்கள் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றுக்காகத் தவம் கிடப்பார்கள், அலை அழகாக நிமிரும். அதே காற்று பலமாக வீசினால் கை சலித்த புதியவரைப் பலகையோடு உள்ளே தள்ளிக்கொண்டே போகும். கடலிலிருந்து லேசாகக் காற்றடித்து, அலை கலைந்து கிடக்கும் அசிங்கமான நாள்தான் நமக்கு நல்ல நாள், கூட்டமும் இருக்காது.

உடைந்து வரும் வெள்ளை நுரையிலேயே பழகுவதா, உடையாத பச்சை அலைக்குப் போவதா என்ற கேள்விக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. நுரையில் நின்று, திருப்பி, வேண்டும்போது இறங்க வரும்வரை நுரை. பச்சை அலைக்குப் போனால் அங்கே ஆட்கள் இருப்பார்கள், முறை இருக்கிறது: அலை உடையத் தொடங்கும் உச்சிக்கு யார் அருகில் இருக்கிறாரோ அலை அவருக்கு. குறுக்கே புகுவதும், பயத்தில் பலகையை வீசிவிட்டு முங்குவதும்தான் அங்கே அடிதடி வரைக்கும் போகும்.

இழுப்பில் மாட்டினால்

அலைகள் வரிசையாக உடையும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கருத்தோ கலங்கியோ, வழி விட்ட மாதிரி தெரியும். புதியவர் கண்ணுக்கு இறங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அதுதான் இழுப்பு: கரையில் சேர்ந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் பாதை. வேகம் கூடிய நேரத்தில் நொடிக்கு இரண்டு மீட்டர் வரை போகும், எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது. தேர்ந்தவர்கள் அதையே லிஃப்ட் மாதிரி ஏறி உள்ளே போவார்கள், நாம் அவசரப்பட வேண்டாம்.

தப்பிக்க இரண்டு கட்சிகள். கரைக்கு இணையாக நீந்து என்பது பழைய கட்சி. சும்மா மிதந்து கொடு என்பது இன்னொன்று. ஜிபிஎஸ் கட்டிய மிதவைகளை விட்டுப் பார்த்தபோது பல இழுப்புகள் வட்டமடித்து மீண்டும் அலை உடையும் இடத்துக்கே கொண்டுவந்து விட்டன என்பது இவர்களின் வாதம். இரண்டும் சில நாள் சரியாக வரும், சில நாள் காலை வாரும்: வட்டமடிக்கும் இழுப்பில் தவறான பக்கம் நீந்தினால் நீரோட்டத்தை எதிர்த்துக்கொண்டிருப்பீர்கள், வட்டமடிக்காத இழுப்பில் மிதந்தால் வெகுதூரம் போய்விடுவீர்கள்.

நம்மிடம் பலகை இருக்கிறது, அதனால் இந்தச் சண்டையில் பாதி நமக்குத் தேவையில்லை. பலகையை விடாதீர்கள், அது படகு. முதலில் மேலே படுத்து மூச்சு வாங்குங்கள். பிறகு, எந்தப் பக்கம் வெள்ளை நுரை பக்கத்தில் தெரிகிறதோ அந்தப் பக்கம், பக்கவாட்டில் துழாவுங்கள்; கை கனத்தால் மறுபக்கம். நுரைக்குள் வந்துவிட்டால் எழுந்து நிற்கும் ஆசையெல்லாம் வேண்டாம், குப்புறப் படுத்தபடியே கரை வரை வாருங்கள். முடியவில்லை என்றால் உட்கார்ந்து கையை உயர்த்தி ஆட்டுங்கள். இதற்காகவே உயிர்காப்பாளர் கண்ணில் படும் இடத்தில் பழகுவது நல்லது, ஆனால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் அல்ல, அது நீந்துபவர்களுக்கானது. பலகைகளுக்குப் பல நாடுகளில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி வைப்பார்கள்.

சில்லறை விஷயங்கள்: உடலை ஒட்டிய மேல்சட்டை ஒன்று போடுங்கள், இல்லையென்றால் பலகை உரசி வயிறும் மார்பும் எரியும். ஹெல்மெட் போட்டால் சிரிப்பார்களா என்று கேட்கிறார்கள். சிரிப்பார்கள். என் தாடைக்கு ஹெல்மெட் உதவியிருக்காதுதான், ஆனால் அந்தத் தையலைப் பார்த்தும் சிரிக்கத்தான் செய்தார்கள்.