வெள்ளை ஜோடி, சாம்பல் குஞ்சு: ஒரு ‘மியூட்டேஷன் செட்’ எப்படி இருக்கிறது?

மதுரை டவுனுக்குள் ஒரு பறவைக் கடையில் ‘மியூட்டேஷன் பிரீடிங் செட்’ (நிறம் மாறிய பறவைகளை இனப்பெருக்கம் செய்யும் செட்) என்று மொத்தமாகக் கொடுக்கிறார்கள். மூன்று அறை வெல்ட்மெஷ் கூண்டு, மூன்று மண் கலயம், இரண்டு கிலோ தீனி, ஒரு கணவாய் ஓடு, அதோடு மூன்று ஜோடி ஜீப்ரா பிஞ்ச் என்ற சின்னக் கூண்டுப் பறவை: வெள்ளை, ஃபான் (வெளிர் பழுப்பு), பைட் (வெள்ளைத் திட்டு விழுந்தது). அறைக்கு ஒரு அட்டை தொங்குகிறது. கூண்டு தேறும், கலயம் பரவாயில்லை, தீனி சுமார். அட்டையை மட்டும் நம்பிவிடக் கூடாது.

முதலில் வெள்ளை ஜோடி. அட்டையில் ‘ஒயிட் × ஒயிட்’ என்றுதான் இருக்கிறது. ஆண் அசல் வெள்ளை, அதில் சந்தேகமில்லை. பெண்ணைப் பகல் வெளிச்சத்தில், ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே மை கரைந்து வழிந்த மாதிரி மெல்லிய ஒரு கோடு இறங்குகிறது. வாலின் மேற்புறத்தில் மங்கலான குறுக்குப் பட்டைகள். அசல் வெள்ளைக்கு இந்த இரண்டும் கிடையாது. இது வெள்ளை அல்ல, சி.எஃப்.டபிள்யூ. (செஸ்ட்நட் ஃபிளாங்க்டு ஒயிட்) என்ற வேறு ரகத்துப் பெண். அந்த ரகத்தில் ஆணுக்கு ஆரஞ்சுக் கன்னமும் விலாவில் செம்புள்ளியும் இருப்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள். பெண்தான் வெள்ளைக் கூட்டத்தில் கலந்து நின்றுவிடும்.

இந்த ஜோடியைப் போட்டால் குஞ்சு அத்தனையும் இந்தப் பறவையின் இயல்பு நிறமான சாதா சாம்பல்தான். “பழைய ரத்தம் திரும்புது, அடுத்த ஈட்டில் சரியாகும்” என்று கடையில் சமாதானம் சொல்வார்கள். பத்து ஈடு (முட்டையிட்டு அடைகாக்கும் சுற்று) வைத்தாலும் சாம்பல்தான் வரும். வெள்ளை நிறம் வர, அதற்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர வேண்டும். இந்தத் தாயிடம் அது இல்லை. சி.எஃப்.டபிள்யூ. நிறமோ இசட் குரோமோசோமில் ஏறி வருவது. ஆண் பறவைக்கு இசட் இரண்டு; பெண்ணுக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. மகளுக்குப் போகும் ஒரே இசட் தகப்பனுடையது. தகப்பனிடம் சி.எஃப்.டபிள்யூ. இல்லாததால் மகளும் சாம்பல். மகன்கள் வெள்ளையையும் சி.எஃப்.டபிள்யூ.வையும் உள்ளே மறைத்து வைத்திருக்கும் ஸ்பிளிட். குஞ்சுகளில் குற்றமில்லை, ஜோடி சேர்த்ததுதான் தப்பு. இந்த ஆணுக்கு அசல் வெள்ளைப் பெண் ஒன்று வாங்கிச் சேர்க்கலாம். பெண்ணைச் சி.எஃப்.டபிள்யூ. ஆணோடு விட்டால் எல்லாக் குஞ்சும் அதே நிறத்தில் வரும்; பொரித்த அன்றே மூடிய இமைக்குள் கண் கறுப்பாக இல்லாமல் சிவப்போடித் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: இளம் வெள்ளைக் குஞ்சுகளின் முதுகில் சாம்பல் பொட்டுகள் இருக்கும், இறகு உதிர்த்து முளைத்ததும் போய்விடும். அதைக் கலப்படம் என்று ஒதுக்க வேண்டாம். கண்ணுக்குக் கீழ் உள்ள கோடுதான் கணக்கு.

ஃபான் அறை இந்தச் செட்டிலேயே உருப்படி. ஆண் ஃபான், பெண் சாதா சாம்பல். இதுவும் இசட் வழி நிறம்தான். இந்தச் சேர்க்கையில் பிறக்கும் ஃபான் குஞ்சு எல்லாமே பெண், சாம்பல் குஞ்சு எல்லாமே ஃபான் ஸ்பிளிட் ஆண். கன்னம் சிவக்கும்வரை காத்திருக்காமல் இறகு முளைத்ததுமே பிரித்துவிடலாம். அதே இரண்டு நிறத்தை மாற்றி, ஆண் சாம்பல், பெண் ஃபான் என்று வைத்திருந்தால் முதல் தலைமுறை முழுக்கச் சாம்பல். கடைக்காரர் தெரிந்து வைத்தாரோ, கைக்கு அகப்பட்டதைப் பிடித்து விட்டாரோ, வைத்தது சரி.

பைட் ஜோடி பைட்தான் போடும். வெள்ளைத் திட்டு எவ்வளவு, எங்கே என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையின் அட்டை ‘பெண்: பைட், ஸ்பிளிட் ஃபான்’ என்கிறது. ஒரே ஒரு இசட் வைத்திருக்கும் பெண்ணால் ஃபானை மறைக்க முடியாது. இருந்தால் வெளியே தெரியும், தெரியாவிட்டால் இல்லை. ‘ஸ்பிளிட் ஃபான் பெண்’ என்று எந்தக் கடையில் எழுதியிருந்தாலும் அந்தக் கடையின் மற்ற அட்டைகளையும் அதே கண்ணோடு படியுங்கள். ஸ்பிளிட்டுக்கென்று கூடுதல் விலை கேட்டால் தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள். கால் வளையமும் ஈட்டுக் கணக்கும் இல்லாத ஸ்பிளிட் வெறும் வாய்ப்பேச்சு.

இன்னொரு வில்லங்கம், கடையில் எல்லாப் பறவையும் பெரிய கூண்டில் ஒன்றாகக் கிடந்து, விற்கும்போதுதான் ஜோடியாகப் பிடிக்கப்படுகின்றன. பெண் பிஞ்ச் ஆணின் விந்தை இரண்டு வாரம் வரை உடலில் தேக்கி வைக்கும். வாங்கி வந்ததும் ஜோடி போட்டால் முதல் ஈட்டின் தகப்பன் கடைக் கூண்டில் நிற்கிற ஏதோ ஒரு ஆணாக இருக்கலாம். பெண்ணை மூன்று வாரம் தனியாக வைத்துவிட்டுச் சேர்ப்பதுதான் நல்லது.

கூண்டின் கண்ணி அரை அங்குலம், குஞ்சு தலை நீட்டி மாட்டாது. அறைகளுக்கு நடுவே தடுப்பும் அதே வலை என்பதால் ஆண் பறவை பக்கத்து அறை ஆணைப் பார்த்துக் கத்திக்கொண்டே அடையைக் கெடுக்கும். மறைப்பாக ஒரு கெட்டி அட்டையை நடுவே செருகிவிடுங்கள். புது வலையில் துத்தநாகத் தூள் ஒட்டியிருக்கும், வினிகர் தொட்ட துணியால் துடைத்துக் கழுவிக் காயவைத்த பிறகே பறவையை விட வேண்டும். கூண்டின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு குஞ்சை விட்டுவைக்காது.

கலயம் நன்றாகச் சுட்ட மண், வெயிலில் மரப்பெட்டி அளவுக்குச் சூடேறுவதில்லை. உள்ளே வழுவழு என்றிருப்பதால் முட்டை உருளும். தேங்காய் நாரும் காய்ந்த அருகம்புல்லும் கொடுங்கள். முதல் முட்டை விழுந்ததும் நாரை எடுத்துவிட வேண்டும். விட்டால் முட்டைக்கு மேலேயே கூடு கட்டி, அதன்மேல் இன்னொரு ஈடு வைக்கும். நாலு முதல் ஆறு முட்டை, பன்னிரண்டு முதல் பதினான்கு நாள் அடை. குஞ்சுக்கு எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் மூடிய வளையம் ஏறினால்தான் உண்டு.

தீனியில் தினையும் பனிவரகும் இருக்கிறது, ஆனால் பழசு. ஒரு ஸ்பூன் எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்ததில் மூன்றாம் நாளும் பாதிக்குமேல் முளைக்கவில்லை. உமி நீக்காத தினையைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்; சமையலுக்கு விற்கும் தினை அரிசி வேண்டாம். கணவாய் ஓடு ஒன்று மூன்று ஜோடிக்குக் காணாது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் பெண்ணுக்கு முட்டை அடைத்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடுதான் தருவார்கள்.

செட்டைச் சித்திரை, வைகாசியில் வாங்கினால் கலயத்தைக் கூண்டிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் முட்டை வறண்டு, கரு ஓட்டோடு ஒட்டிச் சாகும். மழை விழுந்த பிறகு தொடங்கினால் போதும், வருடத்துக்கு மூன்று ஈட்டுக்கு மேல் வேண்டாம்.

இதே கடையில் பிஞ்ச் கூண்டுக்குப் பக்கத்தில் நம்மூர்ச் சில்லைகள் (முனியா என்ற காட்டுக் குருவிகள்) அடைந்து கிடந்தால் எதுவும் வாங்காமல் திரும்பிவிடுங்கள். அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2018 விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைக்கு மாநில விலங்குகள் நல வாரியப் பதிவும் வேண்டும், கேட்டுப் பார்க்கலாம்.

வெள்ளைப் பெண்ணை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் மாற்றித் தருகிறார்கள், அது பாராட்ட வேண்டியது. கடைக்குள் டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெள்ளையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் அலகில் மட்டும்தான்: ஆணுக்கு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு ஆரஞ்சு. கோடு இல்லாத பெண் என்று கேட்டு வாங்கி, இரண்டு ஆணோடு வீடு திரும்பிவிடாதீர்கள்.