வேப்பங்குச்சி, பல்பொடி, பேஸ்ட்: எதை நம்பிப் பல் துலக்கலாம்?

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று சொல்லி பேஸ்ட்டை ஒதுக்குகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதை எடுத்தாலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: ஈறும் பல்லும் சேரும் ஓரத்தை எட்டுகிறதா, பல்லைத் தேய்மானம் ஆக்காமல் இருக்கிறதா, சொத்தையைத் தடுக்கிறதா.

வேப்பங்குச்சி முதல் இரண்டில் பாதி தேறும். நுனியை நன்றாக மென்று நார் நாராகப் பிரித்துத் தேய்த்தால் முன்பற்கள் சுத்தமாகும். கிருமியை அடக்கும் குணமும் வேம்புக்கு உண்டு. கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்துக்குத்தான் குச்சி வளைந்து போகாது. சரியாக மெல்லாத குச்சி ஈறைக் குத்திக் கிழித்துவிடும்.

பல்பொடியை நான் கடைசியில்தான் வைப்பேன். உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல், உப்பு எல்லாம் பல்லைப் பளிச்சென்று காட்டும். காரணம், அவை மேலே இருக்கும் எனாமலையே சுரண்டுகின்றன. எனாமல் ஒருமுறை போனால் திரும்ப வளராது. அப்புறம் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசும். விரலால் தேய்ப்பதால் இடுக்குகளில் அழுக்கு அப்படியே தங்கிவிடுகிறது. சில பொடிகளில் ஒருகாலத்தில் புகையிலையே கலந்திருந்தார்கள். இந்தியாவில் அதற்கு 1992-ல் தடை வந்தது.

பேஸ்ட் முந்துவது ஃபுளோரைடால்தான். சாப்பிட்டதும் வாயில் உண்டாகும் அமிலம் எனாமலிலிருந்து தாதுக்களைக் கரைக்கிறது. அவை மீண்டும் பல்லில் படிய ஃபுளோரைடு உதவுகிறது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் ஃபுளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அட்டையில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகை பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. வாசனைக்காக அவற்றை வாங்கினால் சொத்தைக்குப் பாதுகாப்பு இல்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல்லில் பழுப்புக் கறை படிவதைக் காட்டி ஃபுளோரைடுக்குப் பயப்படுகிறார்கள். அந்தக் கறைக்குக் காரணம், பல் உருவாகும் வயதில் வருடக்கணக்கில் குடித்த, ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர். பேஸ்ட்டைப் பெரியவர்கள் துப்பிவிடுகிறோம். விழுங்கிவிடும் சின்னப் பிள்ளைகள் விஷயத்தில்தான் கவனம் வேண்டும், அந்த மாவட்டங்களில் பல் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுப்பது நல்லது.

பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். கடினமான பிரஷ்ஷைக் குறுக்கே அழுத்தி இழுக்கிறவர்களுக்கு ஈறு இறங்கி, பல்லின் அடியில் பள்ளமே விழுகிறது. பிரஷ்ஷை ஈறோரமாக 45 டிகிரி சாய்த்து, லேசாக அசைத்து அசைத்து, மொத்தம் 2 நிமிடம் தேய்த்தால் போதும். முடித்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள். செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது இரவு. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைவதால் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. நம் வீடுகளில் காலையில் மட்டும் துலக்கும் பழக்கம்தான் அதிகம். குச்சிமேல் ஆசை இருந்தால் காலையில் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி படுக்கும் முன் பேஸ்ட் கட்டாயம். 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஓர் அரிசியளவு, 6 வயது வரை பட்டாணியளவு; தேய்த்துவிடுவது பெரியவர் கையாக இருக்கட்டும்.